ஒன்பது நிமிடப் படமும் பதினோரு நொடி மௌனமும்

ஒன்பது நிமிடம் ஓடும் ஓர் ஆவணப்படத்தை எடுத்து முடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. படப்பிடிப்பு நடந்தது மொத்தம் ஆறு நாட்கள்தாம். மீதிக் காலமெல்லாம், எழுதுகிறவன் என்ற முறையில் நான் சேர்த்து வைத்திருந்த சில பழக்கங்களைக் கைவிடுவதில் கழிந்தது.

2017இல் பத்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றில் சேர்ந்தேன். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வந்திருந்தேன். கதை சொல்லத் தெரிந்தவனுக்குக் காமிரா இன்னொரு பேனா, அவ்வளவுதான் என்று நம்பியிருந்தேன். முதல் நாள் எங்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி மிக எளியது. காமிராவை முக்காலியில் பொருத்தி ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். அசைக்கக் கூடாது, நெருங்கக் கூடாது, விலகக் கூடாது. லூமியேர் சகோதரர்கள் 1895இல் லியோன் நகரில் தம் தொழிற்சாலை வாசலில் காமிராவை நிறுத்தி, தொழிலாளர்கள் வெளியே வருவதைப் படம் பிடித்தார்கள் அல்லவா, அதைப் போல. அந்தப் படம் ஓடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு மூன்று வடிவங்கள் எஞ்சியிருக்கின்றன என்பதையும், அவற்றில் தொழிலாளர்களின் உடைகள் வேறுபடுகின்றன என்பதையும் அன்றுதான் அறிந்தேன். நிஜத்தைப் பதிவு செய்த முதல் சில படங்களில் ஒன்றே மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆவணப்படத்தோடு ஒத்திகையும் சேர்ந்தே பிறந்திருக்கிறது.

நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு தேநீர்க் கடைக்கு எதிரே காமிராவை வைத்தேன். தேநீர் ஆற்றுகிறவரின் தோளில் பல்லாண்டுக் களைப்பு தெரிவதாக எனக்குத் தோன்றிற்று. அன்று மாலை திரையில் பார்த்தபோது, நின்றிருந்த பேருந்தின் பின்புறமும், கடைக்காரரின் பாதி உடம்பும், குறுக்கே போன ஒரு சைக்கிளும் இருந்தன. "இதில் என்ன இருக்கிறது?" என்றார் ஆசிரியர். "களைப்பு" என்றேன். "அது உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. இங்கே இல்லை" என்றார்.

எழுத்தில் ஒரு பெயரடை போதும், வாசகன் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வான். காமிராவுக்குப் பெயரடை கிடையாது. களைப்பைக் காட்ட வேண்டுமென்றால், அந்த மனிதர் ஒரு கையை மாற்றி மறு கையால் ஆற்றத் தொடங்கும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். அது வராமலும் போகலாம். வராவிட்டால் அன்று களைப்பு இல்லை என்றுதான் பொருள். என் மனத்தில் இருந்ததை அவர் தோளில் ஏற்றி வைக்கும் உரிமை எனக்கு இல்லை என்பதை அப்போது ஒரு நுட்பக் குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாட்களில் இலக்கணம் கற்றோம். ஒரு செயலைக் காட்ட ஐந்து காட்சிகள் போதும்: வேலை செய்யும் கைகள், வேலை செய்கிறவரின் முகம், இரண்டையும் சேர்த்துக் காட்டும் தூரக் காட்சி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து அவர் பார்ப்பதைப் பார்க்கும் காட்சி, எதிர்பாராத கோணத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றையும் பத்து நொடியாவது அசையாமல் வைத்திருக்க வேண்டும். கேள்வி கேட்டு முடித்தவுடன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கலங்கிய படத்தைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள், கலங்கிய ஒலியைப் பொறுக்க மாட்டார்கள். ஆகவே மின்விசிறியை நிறுத்து, குளிர்பதனப் பெட்டியை நிறுத்து, பேட்டி முடிந்தபின் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தைத் தனியாகப் பதிவு செய். ஒவ்வோர் அறையின் மௌனமும் வேறு. ஒரு வீட்டின் மௌனத்தை இன்னொரு வீட்டின் பேச்சுக்கு இடையில் ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும். கதை எழுதுகிறவனுக்கு இது வியப்பாக இருந்தது. என் கதைகளில் மௌனம் என்ற சொல் எத்தனையோ முறை வந்திருக்கிறது. அத்தனையும் ஒரே மௌனம்தான்.

பட்டறை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு குறும்படம் எடுத்து வர வேண்டும். நான் அண்ணாச்சியைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் தெருவில் இருந்த அவர் ஒரு காலத்தில் அச்சுக்கோப்பாளர். 1959இல் பதினான்கு வயதில் அச்சகத்தில் சேர்ந்து, 1996இல் அது மூடப்படும்வரை அங்கேயே வேலை பார்த்தவர். நான் எடுக்கத் தொடங்கியபோது அவருக்கு எழுபத்திரண்டு வயது.

காமிராவை வெளியே எடுப்பதற்கு முன்பே நான்கு பக்கப் பின்னணி உரை எழுதிவிட்டேன். ஈய எழுத்துகளின் கடைசிச் சாட்சி, கணினி விழுங்கிய கலை, விரல்களின் நினைவு என்றெல்லாம் அதில் வரிகள் இருந்தன. எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. படம் முடிந்துவிட்டது, இனி அந்த வரிகளுக்கு ஏற்ற காட்சிகளை எடுத்து ஒட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவருடைய அச்சகத்து எழுத்துகளெல்லாம் எடைக்குப் போய்விட்டிருந்தன. ஊரில் பில் புத்தகங்களுக்கு எண் போடவும் கிழிப்பதற்கான துளை வரிசை இடவும் ஒரு பழைய டிரெடிலை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த சிறு அச்சகம் ஒன்றில் எழுத்துப் பெட்டிகளும் கிடந்தன. அங்கே அவரை அழைத்துப் போனேன். அவர் பெட்டியின் முன் நின்று, கண்ணால் பார்க்காமலே கையை நீட்டி எழுத்துகளை எடுத்து, ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கத் தொடங்கினார். இருபது ஆண்டு இடைவெளி அந்தக் கையில் தெரியவில்லை. இரண்டு இடங்களில் மட்டும் விரல்கள் தவறான அறைக்குப் போய்த் திரும்பின. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. துதிக்கை போல மேலே வளைந்த பழைய 'லை'யும் 'னை'யும் இருந்த அறைகள் காலியாயின. "இது எங்க பிரஸ் பெட்டி இல்ல தம்பி. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரிசை" என்றார். விரல் தடுமாறியதற்கு அவர் சொன்ன காரணம் அவ்வளவுதான். நான் எழுதி வைத்திருந்தது இதைவிட மிகத் துயரமான காரணம்.

அன்று அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்டிக்கில் ஒரு வரியை முடித்ததும், சொற்களுக்கு நடுவே எழுத்தில்லாத சிறு துண்டுகளைச் செருகினார். அவை எழுத்துகளைவிட உயரம் குறைந்தவை, அதனால் மை ஒட்டாது. நான் காமிராவை அவற்றிலிருந்து நகர்த்துவதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "வார்த்தைக்கு நடுவுல ஒண்ணுமே இல்லன்னு நெனைக்கியோ? அங்கயும் ஈயந்தான் இருக்கு. அதையும் பாத்துப் பாத்து வச்சாத்தான் வரி நிக்கும். இல்லன்னா எல்லாம் கொட்டிரும்." நல்ல வசனம் என்று குறித்துக்கொண்டு அடுத்த கோணத்துக்குப் போனேன்.

ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்து, வேறோர் அச்சகத்தில் நிறுத்தி, பழைய வேலையைச் செய்யச் சொல்லிப் படமெடுக்கிறோமே, இது நியாயமா என்ற கேள்வி அன்றே எழுந்தது. எனக்குத் துணையாக ஃப்ளாஹர்ட்டியை அழைத்துக்கொண்டேன். 1922இல் வெளியான 'நானூக் ஆஃப் தி நார்த்' படத்தில், பனிக்குடிலுக்குள் வெளிச்சம் போதாததால் ஒரு பக்கம் திறந்த குடிலைக் கட்டி அதற்குள் குடும்பத்தை உறங்க வைத்தார் அவர். துப்பாக்கியால் வேட்டையாடத் தொடங்கிவிட்டிருந்த மக்களைப் பழைய ஈட்டியால் வேட்டையாட வைத்தார். நாயகனின் உண்மைப் பெயரே நானூக் அல்ல, அல்லாகரியாலக். ஆவணப்படத்தின் மூத்தவர்களில் ஒருவரே இப்படிச் செய்திருக்கிறார், நான் செய்ததோ மிகச் சிறியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பிழையான சமாதானம் அல்ல. என் பிழை நடந்தது வேறிடத்தில்.

கடைசி நாள் அண்ணாச்சியின் வீட்டில் பேட்டி. ஜன்னல் ஓரமாக நாற்காலி. முன்னறையில் நாங்கள் இருவர். மதினி பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர்களை நிறுத்தச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பட்டறையில் கற்றதை மீறி அந்தச் சத்தத்தோடேயே பதிவு செய்தேன். ஒன்றரை மணி நேரப் பேச்சின் முடிவில் கேட்டேன்: "பிரஸ் மூடின பிறகு என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு தம் கைகளைப் பார்த்தார். பிறகு லேசாகச் சிரித்து, "என்ன செய்ய, சமாளிச்சோம்" என்றார்.

மொத்தம் ஐந்தேகால் மணி நேரப் பதிவு சேர்ந்தது. அதை ஒன்பது நிமிடமாக்க வேண்டும். படத்தொகுப்பு என்பது எழுதியதைத் திருத்துவது போன்றது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம் எழுத்தைத் திருத்தும்போது நம் சொற்களை அடிக்கிறோம். இங்கே அடிப்பது இன்னொருவரின் சொற்களை. 1920களை ஒட்டி ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனையைப் பலர் அறிந்திருப்பார்கள். ஒரு நடிகரின் சலனமற்ற ஒரே முகத்தை, ஒரு கிண்ணம் சூப்போடும் ஒரு சவப்பெட்டியோடும் மாறி மாறி இணைத்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். பட்டறையில் இதைக் கேட்டு உற்சாகமடைந்தவர்களில் நானும் ஒருவன். நடிகருக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை. அந்த முகம் நம் தெருவில் வசிக்கும் ஒருவருடையதாக இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் 11 நொடிகள் இருந்தன. ஒன்பது நிமிடப் படத்தில் 11 நொடி வெறுமனே கிடப்பது பெரிய இடம். மேலும் அந்த இடத்தில் பின்கட்டுச் சத்தம் வேறு. வெட்டினேன். வெட்டிய இடத்தில் முகம் துள்ளுமல்லவா, அதை மறைக்க டிரெடில் ஓடும் காட்சியை மேலே போர்த்தினேன். தடம் தெரியவில்லை. இப்போது கேள்வி முடிந்தவுடன், சுழலும் சக்கரத்தின் மீது அவர் குரல் சிரிப்போடு வந்தது: "என்ன செய்ய, சமாளிச்சோம்." பட்டறை நண்பர்கள் முன் திரையிட்டபோது அந்த இடத்தில் எல்லோரும் மகிழ்ந்து சிரித்தார்கள். எதையும் தாங்கும் எளிய மனிதரின் நகைச்சுவை என்று ஒருவர் பாராட்டினார். நான்கு பக்கப் பின்னணி உரையில் ஒன்றரைப் பக்கத்தைத் தக்க வைத்திருந்தேன். அதற்கும் பாராட்டுக் கிடைத்தது.

அண்ணாச்சி வீட்டில் மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். அவர் தம் கைகளைத் திரையில் பார்த்து, "நகம் வெட்டிருக்கலாம்" என்றார். மதினி கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் கேட்டார்:

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. அந்த எடத்துல அவ்வொ கொஞ்ச நேரம் பேசாம இருந்தாவள்லா, அது எங்க?"

நேரம் போதவில்லை என்பதுபோல் ஏதோ சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டுக் காப்பி போட எழுந்து போனார். நான் கிளம்பியபோது வாசல்வரை வந்தார். பிரஸ் மூடியதை அண்ணாச்சி வீட்டில் சொல்லவே இல்லை என்றார். தினமும் காலையில் தூக்குச்சட்டியோடு புறப்பட்டுப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்பி வருவாராம். நான்கு மாதம்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது மதினி?"

"மொத வாரமே. சட்டையத் தொவைக்கும்போது மண்ணெண்ணெ வாடை இல்ல."

அச்சகத்தில் எழுத்துகளில் ஒட்டிய மையை மண்ணெண்ணெய் கொண்டு கழுவுவார்கள். முப்பத்தேழு ஆண்டு அந்த வாடையோடு வீடு வந்தவர்.

"நீங்க கேக்கலையா?"

"எப்பிடிக் கேக்க? சோத்தக் கட்டிக் குடுத்தேன். பொறவு ஒரு நோட்டுக் கடையில கணக்கெழுதச் சேந்தாவ. அன்னைக்குத்தான், பிரஸ்ஸ விட்டுட்டேன்னு சொன்னாவ. சரின்னேன்."

அந்த நான்கு மாதத்தைப் பற்றி இருவரும் அதன்பின் பேசிக்கொண்டதில்லை. இருபது ஆண்டுகளில் அதைப் பற்றி அவர் சொன்ன ஒரே சொல் அந்த 11 நொடி மௌனம். அதைத்தான் நான் வெட்டி, மேலே ஒரு சக்கரத்தைப் போர்த்தியிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. ஒன்றையும் புனையவில்லை. ஆனால் என் படத்தில் இருந்தது பொய்.

சில வாரங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்போது ஏ.கே. செட்டியாரைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொண்டேன். 'குமரி மலர்' ஆசிரியராகவும் பயண இலக்கியத்தின் முன்னோடியாகவும் நாம் அறிந்த அவர், காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார். பல நாடுகளுக்கு அலைந்து, வேறு யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து உருவாக்கியது அது. பிறர் எடுத்த ஒவ்வோர் அடியையும் கையில் வைத்துக்கொண்டு, எது இருக்கட்டும், எது போகட்டும் என்று முடிவு செய்திருப்பார். தமிழில் இந்தக் கலையின் தொடக்கத்திலேயே ஓர் எழுத்தாளர் இருந்திருக்கிறார், அவருடைய பெரும்பாடு எழுதுவதில் இருந்ததைவிடத் தேர்வதில் இருந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாகவும் எச்சரிக்கையாகவும் இருந்தது.

பிறகு அண்ணாச்சியிடம் போய், மதினி சொன்னதைச் சொல்லாமல், அந்த இடத்தைத் திரும்பச் சேர்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "உங்க மதினி சொன்னாளாக்கும்" என்றார். அந்த நான்கு மாதமும் குறுக்குத்துறை மண்டபத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். காமிராவை எடுக்கட்டுமா என்று கேட்க நா எழுந்தது. கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று பின்னொரு நாள் கேட்டேன். "எழுதிக்கோ. பேரு வேண்டாம்" என்றார். படத்தில் அந்த விவரம் எதுவும் இல்லை.

மீண்டும் தொகுக்க உட்கார்ந்தபோது நெதர்லாந்தின் பெர்ட் ஹான்ஸ்ட்ரா 1958இல் எடுத்த 'கிளாஸ்' உதவிற்று. ஏறத்தாழ பதினோரு நிமிடப் படம். ஆஸ்கர் பெற்றது. கண்ணாடி ஊதும் தொழிலாளர்களின் கைகளும் கன்னங்களும், பிறகு புட்டிகளைத் தள்ளிக்கொண்டே போகும் இயந்திரம். கழுத்து உடைந்த ஒரு புட்டி வழியை மறிக்க, பின்னால் வருபவை ஒவ்வொன்றாக உடைந்து விழுகின்றன. ஒரு மனிதக் கை வந்து சரி செய்யும்வரை இயந்திரத்துக்கு அது தெரிவதே இல்லை. கைத்தொழிலையும் இயந்திரத்தையும் பற்றி நான் நான்கு பக்கத்தில் எழுதியதெல்லாம் அதில் இருக்கிறது, விவரித்துச் சொல்ல ஒரு குரல்கூட இல்லாமல். என் பின்னணி உரை முழுவதையும் எடுத்துவிட்டேன். 11 நொடிக்கு வேண்டிய இடம் கிடைத்தது, அதற்கு மேலும் கிடைத்தது. சொற்களுக்கு நடுவே செருகிய அந்த ஈயத் துண்டுகளை ஒழுங்காக எடுக்காமல் விட்டதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அவசரத்தில் நகர்த்திய மூன்று நொடிக் காட்சி ஒன்றுதான் அதற்கு மிச்சம்.

அந்த 11 நொடிகளில் பின்கட்டுச் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று பார்ப்பதற்காக, காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு அசல் பதிவை மட்டும் தனியாகக் கேட்டேன். பாத்திரம் துலக்கும் ஓசை, சாம்பல் உரசும் ஓசை, குழாய் நீர். நான் கேள்வி கேட்கிறேன். மூன்றாவது நொடியில் துலக்கும் ஓசை நின்றுவிடுகிறது. நீர் மட்டும் சன்னமாக விழுந்துகொண்டிருக்கிறது. பிறகு அதுவும் நிறுத்தப்படுகிறது. அறையின் மௌனம் மட்டும் இருக்கிறது, அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். "என்ன செய்ய, சமாளிச்சோம்" என்கிறார் அண்ணாச்சி. ஒரு நொடி கழித்து, பின்கட்டில் மீண்டும் பாத்திரம் துலக்கத் தொடங்குகிறது.

அந்த ஓசையில் நான் கை வைக்கவில்லை. படத்தில் அது அப்படியே இருக்கிறது.